காலுக்குத் துணை வந்த காற்று

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினை அணைத்துவிடுங்கள். இப்போது பிரேக் பெடலை நான்கைந்து முறை நன்றாக மிதியுங்கள். முதல் ஒன்றிரண்டு மிதிக்கு வழக்கம்போல உள்ளே போகும். பிறகு இறுகிக்கொண்டே வந்து, கடைசியில் மரக்கட்டையை மிதிப்பதுபோல நின்றுவிடும். காலை எடுக்காமல், அதே அழுத்தத்தில் வைத்தபடியே சாவியைத் திருகுங்கள். எஞ்சின் பிடித்த மறு நொடி, பாதத்துக்கு அடியில் பெடல் தானாக ஒரு விரற்கடை கீழே இறங்கும். நீங்கள் அழுத்தத்தைக் கூட்டவே இல்லை. யாரோ பக்கத்தில் வந்து தன் காலையும் சேர்த்து வைத்ததுபோல இருக்கும்.

அதுதான் பிரேக் பூஸ்டர். பானெட்டைத் திறந்தால் டிரைவருக்கு நேர் எதிரே, எஞ்சின் அறையின் பின்சுவரில், கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு வட்டச் சட்டி தெரியும். இரண்டு ஆழமான தட்டுகளை வாயோடு வாய் வைத்து மூடியதுபோல இருக்கும். அதன் மூக்கில், பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்திலிருந்து ஒரு கனத்த ரப்பர் ஹோஸ் எஞ்சினுக்குப் போகும். கெட்டுப்போகும் வரை இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கெட்ட பிறகு மெக்கானிக்கிடம் போய், “பெடல் கட்டையாட்டம் இருக்கு” என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் முழுவதும் அடங்கிவிடும்.

இந்தச் சட்டி தேவைப்பட்டதற்கு ஒரு கணக்கு காரணம். முதல் உலகப் போருக்கு முன் பெரும்பாலான கார்களுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக். போருக்குப் பின் கார்கள் கனத்தன, வேகம் ஏறியது, முன் சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. நான்கு சக்கரங்களையும் ஒரே காலால் நிறுத்த வேண்டும். நெம்புகோலை நீட்டலாம், ஆனால் நெம்புகோல் பலத்தைச் சும்மா தருவதில்லை. பலம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் கால் இரண்டு மடங்கு தூரம் போக வேண்டும். 1921-ல் டூசன்பெர்க் காரில் மால்கம் லாகீடின் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. கம்பிகளுக்கும் கேபிள்களுக்கும் பதிலாக எண்ணெய் ஓடியது. எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தம் போய்ச் சேர்ந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அந்தக் கணக்கை ஹைட்ராலிக்கும் மாற்றவில்லை. மனிதக் கால் பெடலோடு சேர்ந்து போகக்கூடிய தூரம் ஒரு சாண்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் போதுமான பலம் வேண்டுமென்றால் வேறெங்கிருந்தாவது கடன் வாங்கியே ஆக வேண்டும்.

முதலில் கடன் வாங்கியவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த மார்க் பிர்கிட். அவர் வடிவமைத்த ஹிஸ்பானோ-சுய்சா எச்6 கார் 1919-ல் பாரிஸ் கண்காட்சியில் வந்து நின்றது. ஓடும் காரின் வேகத்தையே அவர் வேலைக்கு அழைத்தார். கியர்பாக்ஸால் சுழலும் ஒரு பாகம். பெடலை மிதித்ததும் இன்னொரு பாகம் அதோடு உரசிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சுழற்சியின் இழுப்பு பிரேக் கம்பிகளை இழுக்கும். கார் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்றே சொல்லலாம். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் இந்த ஏற்பாட்டை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தது. அருமையான வேலைப்பாடு, விலையும் அதற்கேற்றது. சாதாரணக் காருக்கு அது எட்டவில்லை.

அடுத்த கடன் காற்றிடம் வாங்கப்பட்டது.

காற்றின் பலத்தை உலகம் கண்ணால் பார்த்தது 1650-களில். ஜெர்மனியின் மக்தபர்க் நகர மேயர் ஓட்டோ ஃபான் கெரிக், இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி உள்ளிருந்த காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சினார். ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு என்று குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். குதிரைகள் திணறின. கோளங்களை எந்தப் பசையும் ஒட்டி வைத்திருக்கவில்லை. வெளியே இருந்த காற்று இருபுறமும் அழுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் ஒரு கிலோ எடைக்குக் காற்று எப்போதும் நம்மை அழுத்துகிறது. உள்ளேயும் வெளியேயும் சமமாக அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. ஒரு பக்கத்துக் காற்றை எடுத்துவிட்டால் மறுபக்கத்துக் காற்று வேலைக்கு வந்துவிடும்.

ரயிலுக்கு இது முன்பே தெரியும். நம் நாட்டு ரயில்களில் வெகுகாலம் வேக்குவம் பிரேக்தான் இருந்தது. அப்போது அபாயச் சங்கிலியை இழுத்தால் ‘புஸ்’ஸென்று காற்று குழாய்க்குள் நுழையும், வண்டி நிற்கும். ஆனால் அந்த ரயில்களில் வெற்றிடத்தின் வேலை பிரேக்கைப் பிடிக்காமல் விலக்கி வைத்திருப்பது. குழாய் அறுந்தாலும் வண்டி தானாக நின்றுவிடும். கார் பூஸ்டரில் இது நேர்மாறு: வெற்றிடம் இருந்தால் காலுக்குத் துணை; இல்லையென்றால் கால் மட்டும்தான். அதனால்தான் பூஸ்டர் போன வண்டி நிற்கவே நிற்காது என்று பயப்படத் தேவையில்லை. நிற்கும், இரண்டு காலையும் ஊன்றி மிதிக்க வேண்டியிருக்கும்.

காருக்கு வெற்றிடம் எங்கிருந்து வரும்? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சிக்கொண்டே ஓடும் யந்திரம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று போகும் வழியை ஒரு சிறு தகடு மூடிவிடுகிறது. பிஸ்டன்களோ மூச்சிழுப்பதை நிறுத்துவதில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று இழுக்கின்றன. நடுவில் இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் நல்ல வெற்றிடம் உண்டாகிறது. டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது எப்போது? பெரும்பாலும் பிரேக் பிடிக்கப் போகும்போது. கேட்பதற்கு ஒரு நொடி முன்பே உதவி தயாராக இருக்கிறது. எஞ்சினை உருவாக்கியவர்கள் யாரும் இதற்காகத் திட்டமிடவில்லை. வீணாகக் கிடந்த ஒன்றை யாரோ கவனித்தார்கள்.

கவனித்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான கேலப் பிராக். கார் பந்தய வீரர். இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஓட்டியவர். 1912-ல் ஃபியட் காரில் அமெரிக்கன் கிராண்ட் பிரைஸ் பந்தயத்தை வென்றவர். விமானமும் ஓட்டினார். ‘பேபி பூட்லெகர்’ என்ற படகில் 1924, 1925 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கோல்டு கப் விசைப்படகுப் பந்தயத்தில் கோப்பையைத் தட்டிச் சென்றார். அவருடைய கூட்டாளி பொறியாளர் விக்டர் கிளீஸ்ராத். அவரும் பின்னாளில் அதே கோப்பையை வென்றவர். தரையிலும் நீரிலும் வேகத்தோடு வாழ்ந்த இந்த இருவர் பெயரில்தான் பிராக்-கிளீஸ்ராத் பூஸ்டர் வந்தது. 1928-ல் பியர்ஸ்-ஏரோ கார்களில் அது இடம்பிடித்தது. நிறுத்தத் தெரியாமல் வேகமாக ஓட்ட முடியாது என்பது பந்தயக்காரனுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். இந்தக் கருவி ஒரு பந்தயக்காரரின் கையிலிருந்து வந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம், பெல்ஜியப் பொறியாளர் ஆல்பர்ட் டெவாந்த்ர் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய காப்புரிமையைக் கொண்டு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் சர்வோ பிரேக்கை, அதாவது பூஸ்டர் வைத்த பிரேக்கைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் கிளேட்டன் டெவாந்த்ர் என்ற நிறுவனத்தின் பெயரிலும் அவர் நிலைத்தார். பிராக்கின் தொழிலைப் பிறகு பெண்டிக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜிஎம்சி லாரிகளில் பெண்டிக்ஸின் ஹைட்ரோவாக் பூஸ்டர் போனது. பெடலோடு ஒட்டாமல், பிரேக் ஆயில் குழாயின் நடுவே எங்கு வேண்டுமானாலும் வைக்கக்கூடிய வகை அது.

இருந்தும் சின்னக் கார்களுக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் பூஸ்டர் அவசியமாக இருக்கவில்லை. காரணம் டிரம் பிரேக். டிரம்முக்குள் இருக்கும் ஷூவைச் சுவரில் தொட வைத்தால் போதும். சுழலும் டிரம் அதைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். சுழற்சியின் பக்கம் பார்த்த ஷூவுக்கு இந்த உதவி இலவசமாகக் கிடைக்கும். டிரம்முக்குள் சிறியதொரு பூஸ்டர் பிறவியிலேயே இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சூடேறினால் டிரம் கைவிட்டுவிடும். நீண்ட இறக்கத்திலோ பந்தயத்தின் பத்தாவது சுற்றிலோ பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது.

அதற்கு மருந்தாக வந்தது டிஸ்க் பிரேக். டன்லப்பும் ஜாகுவாரும் சேர்ந்து உழைத்தார்கள். 1952-ல் ரீம்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பொருத்திய சி-டைப் காரில் ஸ்டிர்லிங் மோஸ் வென்றார். அடுத்த ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் அதே வகைக் காரை ஓட்டி முதலிடம் பிடித்தார்கள். அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அப்போதுதான் முதல்முறை. அங்கே ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்சாலை, அதன் முடிவில் மிக இறுக்கமான வளைவு. டிரம் பிரேக் வைத்தவர்கள் முன்கூட்டியே காலை எடுத்தபோது, ஜாகுவார்கள் இன்னும் கொஞ்சம் தூரம் முழு வேகத்தில் போய்ப் பிறகு பிடித்தன.

ஆனால் டிஸ்க்குக்கு ஒரு குணம். சக்கரத்தோடு சுழலும் தட்டின் இருபுறமும் பிரேக் பேட் நேராக வந்து அழுத்தும். தட்டு அதைத் தன்னோடு இழுத்து இறுக்காது. டிரம் இலவசமாகத் தந்துகொண்டிருந்த உதவி அதோடு நின்றுபோனது. அழுத்தம் முழுவதையும் காலே தர வேண்டும், அல்லது யாராவது தர வேண்டும். கனமான, வேகமான காருக்கு டிஸ்க் வைத்தவர்கள் பூஸ்டரைத் தேடி வந்தார்கள். முப்பது ஆண்டுகளாகச் சொகுசுக் கார்களிலும் லாரிகளிலும் இருந்த பொருள், ஸ்போர்ட்ஸ் காரில் குடியேறியது இப்படித்தான். எடை குறைந்த கார்கள் சில மட்டும் வெகுகாலம் மறுத்தன. எஞ்சின் பின்னால் இருக்கும் போர்ஷே 911 எழுபதுகளின் பிற்பகுதி வரை பூஸ்டர் இல்லாமலே ஓடியது.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் வெளியானபோது நான்கு சக்கரங்களிலும் டிஸ்க். அதற்குத் துணையாகக் கெல்சி-ஹேஸ் வகைப் பூஸ்டர். அது சட்டி வடிவில் இல்லை, துருத்தி வடிவில் இருந்தது. கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பான ரப்பர். உள்ளிருக்கும் காற்றை எஞ்சின் உறிஞ்சியதும் துருத்தி சுருங்கி, பெடலோடு சேர்ந்த நெம்புகோலை இழுக்கும். பார்க்க அழகான யோசனை. மணிக்கு 150 மைல் போகும் காருக்கு அது போதவில்லை என்று ஓட்டியவர்கள் குறைபட்டார்கள். 1964-ல் 4.2 லிட்டர் எஞ்சினோடு ஈ-டைப் வந்தபோது துருத்தி போய், பெடலிலிருந்து தள்ளி வைக்கப்பட்ட லாக்ஹீட் சர்வோ வந்தது.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களோடு சேர்ந்து வந்த பெயர்களில் கர்லிங் என்பதும் ஒன்று. 1956-ல் டிரையம்ஃப் டிஆர்3 காரின் முன் சக்கரங்களில் டிஸ்க்கை நிரந்தரமாக்கியது கர்லிங்தான். அந்தப் பெயர் நமக்கும் பழக்கம். கர்லிங்கைக் கையில் வைத்திருந்த லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னை பாடியில் பிரேக் பாகங்களைச் செய்யத் தொடங்கியது. உதிரிபாகக் கடையில் ‘டிவிஎஸ் கர்லிங்’ என்று கேட்டு பிரேக் ஆயில் வாங்கியவர்கள், அந்த ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களோடு வந்த பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி சட்டியைக் கழற்றிப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு 1969-ல் வெளியான டாட்சன் 240இசட். ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்று பெயர். 2.4 லிட்டர் எஞ்சின், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நடுவில் மாஸ்டர்-வாக் என்ற சட்டி வகைப் பூஸ்டர். ஐம்பது வயது தாண்டிய இந்தக் கார்களைப் பிள்ளைபோல வளர்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. பூஸ்டர் மாற்றுவது அவர்களில் பலர் ஒருநாள் செய்தே தீர வேண்டிய வேலை.

சட்டிக்குள் குறுக்கே ஒரு ரப்பர் டயாபிரம். பிரேக் பிடிக்காதபோது அதன் இருபுறமும் ஒரே வெற்றிடம், அதனால் அசைவில்லை. பெடலை மிதித்ததும் நடுவிலிருக்கும் வால்வு, டிரைவர் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்றை விடும். அந்தக் காற்று வருவது டிரைவரின் கால்மாட்டிலிருந்து, பெடல் கம்பியைச் சுற்றியிருக்கும் சிறு ஃபில்டர் வழியாக. காதைக் கொடுத்தால் மெல்ல ‘உஸ்’ என்று கேட்கும். நாம் மூச்சு விடும் அதே காற்றுதான் உள்ளே போய் நமக்காகத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் எஞ்சினுக்குள் போய்ப் பெட்ரோலோடு எரிந்துவிடுகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயாபிரத்தின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் 0.7 கிலோ அழுத்த வித்தியாசம் என்று வைத்தால், 220 கிலோ. மூன்று ஆட்கள் ஏறி நின்ற எடை. மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸில் ஒரு செக் வால்வு உண்டு. எஞ்சின் திடீரென்று நின்றாலும் ஒன்றிரண்டு மிதிக்குப் போதுமான வெற்றிடத்தை அது பூட்டி வைத்திருக்கும். தொடக்கத்தில் நாம் மிதித்துத் தீர்த்தது அதைத்தான்.

பழைய காரில் நோய் பெரும்பாலும் இரண்டு வழியில் வரும். டயாபிரம் வெடித்து ஓட்டை விழும். எஞ்சின் ஐடிலிங்கில் தடுமாறும், பெடல் கட்டையாகும். இன்னொன்று கண்டுபிடிக்கக் கடினமானது. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்தால் பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் சொட்டும். தரையில் ஒரு துளி இருக்காது, சக்கரத்தில் ஈரம் இருக்காது, ஆனால் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே வரும். வெற்றிடம் அதை எஞ்சினுக்குள் இழுத்து எரித்து, சைலன்சர் வழியே வெள்ளைப் புகையாக அனுப்பிக்கொண்டிருக்கும். மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைக் கழற்றி முன்னால் இழுத்துப் பார்த்தால், பூஸ்டரின் முகத்தில் பெயின்ட் உரிந்து ஈரமாக இருக்கும். அப்படி இருந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துச் சரிசெய்யாமல் புது பூஸ்டர் போடுவது வீண் செலவு.

கழற்றுவது பொறுமையைச் சோதிக்கும். வெளியே வேலை சுலபம். ஹோஸை உருவிவிடலாம், மாஸ்டர் சிலிண்டரை ஒதுக்கலாம். உள்ளேதான் பாடு. இருக்கையில் மல்லாந்து படுத்து, தலையைப் பெடலுக்கு அடியில் கொடுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பெடலையும் கம்பியையும் இணைக்கும் பின்னை உருவ வேண்டும். பிறகு சுவரில் நான்கு நட்டு. மேலே இருக்கும் இரண்டும் கைக்கு மட்டுமே தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

புதியதைப் போடும்போது அவசரப்படக் கூடாத இடம் ஒன்று. பூஸ்டரின் மூக்கிலிருந்து வரும் புஷ்ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாக வேண்டும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. இடைவெளி அதிகமானால் பெடல் சும்மா ஆடும். இடைவெளியே இல்லாமல் ராடு பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருந்தால் ஆபத்து. பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ஊசித்துளை மூடியே இருக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் பேடுகள் சூடேறும், ஆயில் விரியும், போக இடமில்லாமல் பிரேக்கைத் தானே பிடிக்கும். இன்னும் சூடேறும், இன்னும் பிடிக்கும். பத்து கிலோமீட்டரில் சக்கரம் புகைந்துவிடும். அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ராடு நுனியில் ஒரு பொட்டு களிமண்ணை ஒட்டி, மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி, மறுபடி கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனைப் பார்த்தால் போதும்.

கடைசியாக ஒரு பொருள். காசளவுள்ள வட்ட ரப்பர் துண்டு, ரியாக்‌ஷன் டிஸ்க் என்று பெயர். வால்வுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே உட்காரும். பூஸ்டரில் எந்தப் பாகத்துக்காவது மாலை போட வேண்டுமென்றால் நான் இதற்குப் போடுவேன். காற்று 220 கிலோ தள்ளும்போது, அதில் ஒரு பங்கை இந்த ரப்பர் டிரைவரின் காலுக்குத் திருப்பி அனுப்புகிறது. மெல்ல மிதித்தால் மெல்ல, அழுத்தி மிதித்தால் அழுத்தமாக என்று பிரேக் நம் மனம்போல நடப்பது இதனால்தான். இது இல்லாவிட்டால் பூஸ்டர் சுவிட்ச்போல ஆகிவிடும். பெடலைத் தொட்டதும் முழுவதுமாகப் பிடித்துக்கொண்டு முகத்தை ஸ்டீயரிங்கில் கொண்டுபோய் நிறுத்தும். 240இசட்காரர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. நீளத்தைச் சரிபார்க்கலாம் என்று புஷ்ராடை வெளியே உருவும்போது, அதன் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் கழன்று உள்ளே விழுந்துவிடும். விழுந்தது யாருக்கும் தெரியாது. ராடைத் திருப்பிச் செருகி எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். பிறகு பேடை மாற்றுவார்கள், ஏர் எடுப்பார்கள், மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவார்கள். பிரேக் மட்டும் வெடுக்கென்று பிடித்துக்கொண்டே இருக்கும்.

அதனால், பிடி சரியில்லை என்று கழற்றிய பழைய பூஸ்டரைக் குப்பையில் போடுவதற்கு முன், காதருகே வைத்து ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். உள்ளே மெத்தென்று ஏதாவது உருண்டால், சட்டியைக் கவிழ்த்து, மூக்குத் துளைக்கு நேராக அதைக் கொண்டுவந்து விரலால் எடுத்துவிடலாம்.